பினாங்கில் இருந்தவளின் மதுரைக் கையெழுத்து

1

ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கு இதை எழுத வேண்டும் என்று வெகுகாலமாக எண்ணம். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். போன திங்கட்கிழமை ஒரு குமாஸ்தா கேட்ட கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது.

யுத்தம் எந்தத் திசையில் திரும்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. பினாங்கில் இப்போது வெளியூர்க்காரர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. என் கணவர் தாவூது கடையை விட்டு வர முடியாததால் நானும் மகள் சுபைதாவும் போனோம். சுபைதாவுக்குப் பதினான்கு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழைக் காதில் வாங்குவாள், வாயில் மலாயும் இங்கிலீஷும் கலந்து வரும்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயர், வயது, கப்பல் ஏறிய துறைமுகம் எல்லாம் கேட்டுவிட்டு, "இந்தியாவிலை உங்கட பேரிலை வீடு வளவு இருக்கோ?" என்றார்.

"இருந்தது" என்றேன்.

"இருக்கோ, இல்லையோ? இருந்தது எண்டு எழுத இதிலை இடமில்லை அம்மா."

அவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வரும் வழியில் சுபைதா கேட்டாள். "அம்மா, நம்ம வீடு என்ன ஆச்சு?"

ஈடு வைத்ததில் போயிற்று என்றேன். ஈடு என்ற சொல் அவளுக்குப் புரியவில்லை. அடகு மாதிரி என்று சொன்னதும், இந்த ஊர் அடகுக்கடைக்கு மலாயில் என்ன பெயரோ அதைச் சொல்லிவிட்டு, "பாஜாக் கடைக்கு அம்புட்டுப் பெரிய வீட்ட எப்படித் தூக்கிட்டுப் போனாங்க?" என்றாள்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அவளும் அந்த நாட்களில் என்னோடு மதுரையில் இருந்தவள்தான். நாலு வயது. கோர்ட்டு நடந்த மஹாலின் தூண்களுக்கு மேலே புறாக்கள் உட்கார்ந்திருந்தது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது. மற்றது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

2

மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் இருந்த வீடு அது. எங்கள் அத்தா பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடையை அண்ணன் காசிமுக்கும் வீட்டை எனக்கும் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அண்ணன் ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. நான் கல்யாணமாகிப் பினாங்குக்குக் கிளம்பியபோது, "வீடு ஒன்னுது. நாங்க காவக்காரங்க" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். அவரும் அவர் மனைவி ரகுமத்து மதினியும் அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு பத்திரம் கொண்டுவந்தார்.

"வீட்டு வரி கட்டணும், ஓடு மாத்தணும்னா ஒன் கையெழுத்துக்கு நான் கடல் தாண்டி வர முடியுமாத்தா? இது முக்தியார் பத்திரம். ஒனக்குப் பதிலா நான் கையெழுத்துப் போடலாம்னு இருக்கு. அம்புட்டுத்தான்."

எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அத்தா ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் அன்றைக்குப் பெட்டி கட்டுகிற அவசரம். ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எண்ணெய்க் கறை படிந்துவிட்டதே என்றுதான் வருத்தப்பட்டேன். உள்ளே வீட்டை ஈடு வைக்கவும் அதிகாரம் கொடுத்திருந்த வரியைப் பார்க்கவில்லை.

அண்ணன் என்னை ஏமாற்ற நினைத்து அதைச் செய்தார் என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லா அதிகாரத்தையும் சேர்த்தே எழுதுவார்கள். ஆனால் ஒரு கதவு திறந்து கிடந்தால் கஷ்டகாலம் அதன் வழியாகத்தான் வரும்.

வந்தது. எல்லாச் சாமானும் விலை விழுந்த வருஷங்கள் உங்களுக்கும் தெரியும். இங்கே ரப்பர் விழுந்தது, அங்கே பாத்திரம் வாங்க ஆளில்லை. அண்ணன் கடையைக் காப்பாற்ற வீட்டை வைத்துக் கடன் வாங்கினார். கொடுத்தவர் எங்கள் சுவருக்கு அடுத்த சுவரில் நவதானிய மண்டி வைத்திருந்தவர். எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

3

மாதம் ஒரு கடிதம் அண்ணனிடமிருந்து வந்துகொண்டிருந்தது. எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. கடிதங்கள் மெல்லக் குட்டையாகிக்கொண்டே போயின. பிறகு நின்றன.

ஒருநாள் மத்தியானம் ஒரு கார்டு வந்தது. கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை. கீழே 'இப்படிக்கு ரகுமத்து, தபால்காரர் கையால்' என்று இருந்தது. மதினிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கார்டில் மூன்றே வரி.

'வீட்டுச் சுவரில் கோர்ட்டார் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் அண்ணன் அதன் மேல் சாக்குத் தொங்கவிட்டிருக்கிறார். வந்தால் நல்லது.'

தாவூது அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கூட வரணும்னுதான் இருக்கு. ஆனா நானும் வந்தா இங்க கடை போயிரும். நீ மட்டும் போ" என்றார்.

நாகப்பட்டினத்துக்கு அடுத்த கப்பல் பத்து நாள் கழித்து. டெக்கில் சுபைதாவை மடியில் வைத்துக்கொண்டு எட்டு நாள் போனேன். சுற்றிலும் தோட்டங்களிலிருந்து வேலை போய்த் திரும்புகிற ஜனங்கள். மேலூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி என்னைக் கேட்டாள், "நீங்களும் வேல போயித்தான் வாரீகளா?"

"இல்ல, வீட்டப் பாக்க வாரேன்" என்றேன்.

"குடுத்து வச்சவுக. எங்களுக்குப் பாக்கறதுக்கு வீடு இல்ல" என்றாள்.

4

வீட்டு வாசலில் சாக்கு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து சுபைதாவைத் தூக்கிக்கொண்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஆட்டுக்கறி வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். எதுவும் நடக்காத வீடு மாதிரி எல்லோரும் நடந்துகொண்டோம். மதினி மட்டும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். தெருமுனையில் தமுக்குச் சத்தம் கேட்டது. சினிமாக் கொட்டகைக்காரர்கள் என்று நினைத்து சுபைதா வாசலுக்கு ஓடினாள். தமுக்கு எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. கோர்ட்டு வில்லை குத்திய அமீனா ஒருவர், தலை நரைத்தவர், காகிதத்தைப் பிரித்து உரக்க வாசித்தார். தென்புறம் மண்டிச் சுவர், வடபுறம் சந்து, இந்த நாலெல்லைக்குள் கட்டுப்பட்ட மெத்தை வீடு, மைமூன் பீவிக்குச் சொந்தமானது, கோர்ட்டு ஏலத்தில் விற்கப்படும். என் பெயரைத் தெருவே கேட்டது. நாள் சொன்னார். பதினாறு நாள் இருந்தது.

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

"அண்ணே, என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்லத்தா. மெரட்டுறாங்க. நான் பேசிட்டு இருக்கேன்."

அன்று சாயங்காலமே மண்டிக்காரர் வந்தார். கையில் குழந்தைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலம். கூடவே ஒரு கொத்தனார். "நீங்க வந்திருக்கீகன்னு கேள்விப்பட்டேன். பிரயாணமெல்லாம் சவுரியந்தானாம்மா?" என்று விசாரித்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்து சலாம் சொன்னேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் உள்சுவரில் முழக்கோலை வைத்து அளந்து, கரிக்கட்டியால் இரண்டு கோடு போட்டான். எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"இங்கிட்டு ஒரு வாசல் வச்சா மூட்டை எடுத்துவைக்கத் தோதா இருக்கும்மா" என்றார், அத்தனை மரியாதையாக.

நான் பிறந்த அறையின் சுவர் அது. அந்தக் கரிக்கோடுகளை மதினி ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். சுண்ணாம்பில் இறங்கிவிட்டது, போகவில்லை.

அண்ணன் நாலு நாள் கடத்தினார். இன்றைக்கு ஒருவரைப் பார்க்கிறேன், நாளைக்கு ஒருவர் பணம் தருகிறார் என்று. ஐந்தாம் நாள் நான் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, சுபைதாவைக் கையில் பிடித்துக்கொண்டு வக்கீலைத் தேடிக் கிளம்பினேன். மதினி பின்னாலேயே வந்தாள்.

5

வக்கீல் முத்தையாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கோட்டு முழங்கையில் தைத்திருந்தது. கடன்பட்டவர்கள் பக்கமே நிற்பவர், அதனால் கையில் காசு தங்காதவர் என்று தெருவில் சொன்னார்கள். நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கடன் வாங்குனது நெசந்தானா?"

"நெசந்தான். அண்ணன் வாங்கியிருக்காங்க. முக்தியார் நான் குடுத்தது."

"நல்லது. கடனே இல்லேன்னு சொல்லச் சொல்லியிருந்தீகன்னா இப்பவே எந்திரிச்சுப் போங்கன்னுருப்பேன்" என்றார். பிறகு, "கேசு போட்டப்ப உங்களுக்குச் சம்மன் வந்துச்சா?"

"சம்மன்னா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒருவர் வீட்டை ஏலம் போடுவதற்கு முன்னால் கோர்ட்டு அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கூப்பிட்டதற்கான காகிதம்தான் சம்மன். அது கைக்கு வந்தும் போகாதிருந்தால் எதிராளி சொன்னதையே வைத்துத் தீர்ப்பாகும். கைக்கே வரவில்லை என்றால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். இவ்வளவையும் பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

கார்டை எடுத்துக் கொடுத்தேன். பினாங்குத் தபால் முத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். முகம் மாறியது.

"தெரிஞ்ச நாள்லேருந்து முப்பது நாள்தான் கெடு. கப்பலுக்குக் காத்திருந்தது, கப்பல்ல வந்தது, உங்க அண்ணன் இழுத்தடிச்சது எல்லாம் போக இன்னும் ஆறு நாள் இருக்கு. அதுல நாலு நாள் கோர்ட்டு லீவு."

"அப்ப ரெண்டு நாள்தானா?"

"இன்னைக்கும் நாளைக்கும். இப்ப மணி மூணு."

தம் குமாஸ்தாவை மஹாலுக்கு ஓட்டினார். கோர்ட்டில் இருக்கும் கேஸ் கட்டைப் பிரித்து, சம்மனைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். குமாஸ்தா திரும்பி வந்தபோது மனுவில் பாதி எழுதியாகியிருந்தது.

"ஐயா, சம்மன் சார்வு ஆயிருக்கு" என்றார் குமாஸ்தா. "இந்தம்மாவே வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. தமிழ்ல, 'மைமூன் பீவி'ன்னு."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த நாளில் மதுரையில் யாரோ என் பெயரை எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் மதினி துப்பட்டியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

6

மனு மறுநாள் தாக்கலாயிற்று. விசாரணை முடியும்வரை ஏலத்தை நிறுத்தி வைக்க உத்தரவும் கிடைத்தது. ஆனால் முத்தையா சந்தோஷப்படவில்லை.

"உங்க கப்பல் டிக்கெட்டும் பினாங்குக் காகிதமும் போதும், நீங்க இங்க இல்லேன்னு நிரூபிச்சிரலாம். ஆனா அப்ப யாரு போட்ட கையெழுத்துன்னு கோர்ட்டு கேக்கும். ஒண்ணு சம்மன் கொண்டுவந்த அமீனா போட்டிருக்கணும். இல்லேன்னா உங்க வீட்டு ஆளு. கள்ளக் கையெழுத்துக்கு ஜெயில் இருக்கும்மா."

வீட்டுக்கு வந்து அண்ணனைக் கேட்டேன். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அமீனாதான் போட்டிருப்பான். மண்டிக்காரன் காசு குடுத்திருப்பான். அப்படியே சொல்லிரு" என்றார்.

மறுநாள் காலை அடுப்படியில் மதினி இடியாப்பத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் சல்லடையைக் கீழே வைத்தாள். முறத்தில் பரவியிருந்த மாவில் ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினாள். முதலில் ஐகாரச் சுழி, பெரிதாக, கோலம் போடுகிற மாதிரி. பிறகு ம. ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று, மைமூன் பீவி.

"மதினி..."

"மூணு நாளு ஒக்காத்திவச்சு எழுதப் பழக்குனாரு மைமூனு. 'வீட்டுக்கு வரிக் காகிதம் வருது, மைமூன் பேருல வாங்கணும், அவ இல்லேன்னா அபராதம் போடுவாங்க'ன்னாரு. அமீனா வந்தப்பக் கதவுக்குப் பின்னால நின்னேன். கைய மட்டும் நீட்டிப் போட்டுக் குடுத்தேன். அந்தாளு முகத்தப் பாக்க முடியுமா, பாவம்? சொவத்துல காகிதம் ஒட்டுன அன்னைக்குத்தான் நான் எதுல போட்டேன்னு தெரிஞ்சுச்சு. சேதி கடல் தாண்டிப் போயிரக் கூடாதுன்னு பண்ணியிருக்காரு."

"இதை யாருட்டயும் சொல்லாத" என்றேன். உடனே சொன்னேன், யோசிக்கவே இல்லை. அவளுடைய இரண்டு பெண்களும் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் மாவைக் கலைத்துவிட்டாள். "அந்த அமீனாவுக்குக் கட்டிக்குடுக்காத கொமருக மூணு இருக்காம். வேல போயிருமா?" என்று கேட்டாள். நான் சல்லடையை எடுத்து மிச்ச மாவைச் சலித்தேன்.

7

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று சுபைதாவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது, பெற்றோர் கையெழுத்துக்காக. இங்கிலீஷில் நெருக்கமாக ஒரு பக்கம். "படிச்சுச் சொல்லு" என்றேன். "சும்மா போடுங்கம்மா, எல்லாரும் போடுறாங்க" என்றாள். நான் பேனாவைத் தொடவில்லை. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதிச் சொற்களுக்கு அவளிடம் தமிழ் இல்லை, என்னிடம் இங்கிலீஷ் இல்லை. ஆகாய விமானம் வந்து குண்டு போட்டால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவது என்பதைப் பற்றிய காகிதம் அது. அரை மணி நேரம் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

8

விசாரணை அன்று காலையில் அண்ணன் வீட்டில் இல்லை. கொடியில் கிடந்த சட்டை இல்லை, செருப்பு இல்லை. மதினி யாரிடமும் கேட்கவில்லை. குழந்தைகளுக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு என்னோடு கிளம்பினாள்.

மஹாலின் தூண்களை மூன்று பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதற்கு நடுவில் ஜட்ஜுக்கு ஒரு மேடை போட்டிருந்தார்கள். பேசினால் குரல் மேலே போய்ச் சுற்றிக்கொண்டு வேறெங்கோ இறங்கும். அந்நிய ஆண்கள் முன்னால் வராத கோஷாப் பெண்களை வீட்டிலேயே வைத்து விசாரிக்கவும் வழி உண்டாம். அதற்கு நாள் ஆகும் என்பதால் நானே வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

கப்பல் டிக்கெட்டைக் காட்டினார்கள். பினாங்குக் காகிதத்தைக் காட்டினார்கள். நான் அந்த மாதம் மதுரையில் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பிறகு மண்டிக்காரரின் வக்கீல் எழுந்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களுடையது இல்லை. அப்படியானால் யாருடையது?"

தமுக்கோடு வந்த அந்த அமீனா ஒரு தூணோரம் நின்றுகொண்டிருந்தார். சம்மன் கொண்டுவந்ததும் அவர்தானாம். அவரையும் விசாரிக்க வரச் சொல்லியிருந்தார்கள். மார்பில் குத்திய வில்லையை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

"தெரியாது" என்றேன்.

"உங்கள் வீட்டில் உள்ளவர்கள் யாராவது?"

"தெரியாது."

"அப்படியானால் அமீனாவே போட்டார் என்கிறீர்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அல்லாஹ்வின் பேரால் சத்தியம் செய்துவிட்டு அப்படி நின்றேன். இதை என் கணவரிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாமி, அந்த ஆளு போடலைங்க. நான்தான் போட்டேன்."

மதினி எழுந்து நின்றிருந்தாள். முத்தையா கையை உயர்த்தி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. ஜட்ஜ் அவளைக் கூண்டுக்கு வரச் சொன்னார்.

"யார் சொல்லிப் போட்டாய்?"

"என் வீட்டுக்காரரு. வரிக் காகிதம்னாரு. எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க."

"இந்த அம்மாளுக்கு இது தெரியுமா?"

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

எழுதிக் காட்டச் சொன்னார்கள். பேனாவை உளி பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு எழுதினாள். சம்மனையும் அதையும் ஜட்ஜ் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அதே பெரிய சுழி.

வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் குமாஸ்தா அவளிடம் நீட்டி, "உன் பெயரைக் கையெழுத்துப் போடு" என்றார்.

அவள் பேனாவை வாங்கி, காகிதத்தில் வைத்து, நின்றுவிட்டாள்.

"எனக்கு என் பேரு எழுதத் தெரியாதுங்க. இவுக பேரு ஒண்ணுதான் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய மஹாலில் மேலே புறா சிறகடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. குமாஸ்தா கைநாட்டு வைக்க மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

9

தீர்ப்புக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் மதினி வீட்டில் உள்ள எல்லாத் துணியையும் துவைத்தாள், மாவு இடித்து வைத்தாள், பெரியவளுக்கு உலை வைக்கக் கற்றுக்கொடுத்தாள். ஜெயிலுக்குப் போகிறவள் செய்கிற ஏற்பாடு என்று எனக்குப் புரிந்தது. தெருவில் சைக்கிள் மணி அடித்தால் கோர்ட்டுச் சேதியோ என்று இருவரும் வேலையை நிறுத்தினோம்.

ஏலத்துக்குக் காரணமான பழைய தீர்ப்பை, அவர்கள் பேச்சில் டிக்கிரியை, ஜட்ஜ் ரத்து செய்தார். மதினி மேல் வழக்குத் தொடர வேண்டும் என்று மண்டிக்காரரின் வக்கீல் கேட்டதை ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தறியாதவள், எதில் எழுதுகிறோம் என்றே தெரியாதவள், தானே வந்து உண்மையைச் சொன்னவள் என்றார். அண்ணனிடம் விளக்கம் கேட்டு உத்தரவு போட்டார். படிக்கட்டில் அந்த அமீனா எங்களுக்காகக் காத்திருந்தார். மதினியைப் பார்த்துக் கும்பிட்டார்.

முத்தையா அன்றைக்கே எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"ஏலந்தான் நின்னுருக்கு, கடன் நிக்கல. மறுபடி கேசு நடக்கும், மறுபடி டிக்கிரி ஆகும். நடுவுல நமக்குக் கொஞ்சம் மாசம் கெடைச்சிருக்கு. ஏலத்துல போனா மண்டிக்காரரும் அவரு ஆளுக ரெண்டு பேருந்தான் கேப்பாங்க, பாதி விலைக்குப் போயிரும். நாமளே நல்ல விலைக்கு வித்துக் கடன அடைச்சா மிச்சம் நிக்கும். வீட்டக் காப்பாத்த வந்தீக, தெரியும். என்னால ஆனது இம்புட்டுத்தான்."

அவர் மேல் எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை. ஜெயித்துவிடுவோம் என்று நம்பிக்கை சொல்லி வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் கட்டின சேலையோடு தெருவில் நிறுத்திய வக்கீல்களையும் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஊரில் இருந்தாலும் கடல் தாண்டி இருந்தாலும் என்னைப் போன்றவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். சுவரில் காகிதம் ஒட்டும்வரை காத்திருக்காதீர்கள். முதல் காகிதம் வந்த அன்றே உண்மை பேசுகிற ஒரு வக்கீலிடம் போங்கள். வெட்கத்தில் அதன் மேல் சாக்கைத் தொங்கவிடுகிற ஒவ்வொரு நாளும் உங்கள் கெடுவில் ஒரு நாள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து வீட்டை வாங்கினார். கடன் அடைந்தது. பத்திரம் முடிந்த அன்று மண்டிக்காரர் வெற்றிலை பாக்கு வைத்து எங்களுக்கு விடை கொடுத்தார். "எனக்கு அவசரமில்லம்மா" என்றார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த ரயில்வேக்காரர் தூத்துக்குடிக்கு மாற்றலாகி வீட்டை அவருக்கே விற்றுவிட்டார். கரிக்கோடு போட்ட இடத்தில் வாசல் வைத்துவிட்டார்களாம். நான் பிறந்த அறையில் இப்போது உளுந்து மூட்டை இருக்கிறது.

அண்ணன் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். கோர்ட்டில் தலைகுனிந்து நின்று அபராதம் கட்டினார். இப்போது மதினி வீட்டில் இருக்கிறார். சோறு போட்டால் சாப்பிடுகிறார், தானாகக் கேட்பதில்லை என்று எழுதியிருந்தார்கள்.

மதினி வீடு என்றேன். மிச்சப் பணத்தில் வைகைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீடு பார்த்தோம். என் பெயரில் வேண்டாம், ரகுமத்து பெயரில் எழுதுங்கள் என்று நான் சொன்னதும் முத்தையா தலையை ஆட்டினார். பத்திரம் பதிகிற நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் அவளை உட்கார வைத்து அவள் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். சிலேட்டு வாங்கினேன். ரகுமத்து பீவி. நன்றாகவே எழுத வந்தது. சுபைதாவும் பக்கத்தில் உட்கார்ந்து கிறுக்கினாள்.

பதிவு ஆபீஸில் எழுத்தர் பத்திரத்தை முழுதும் வாசித்தார். ஒரு வரியும் விடாமல் இருவரும் கேட்டோம். "கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்டார்.

"கையெழுத்துத்தான்" என்று நான் சொல்லி, பேனாவை எடுத்து மதினியிடம் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கவில்லை. மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, இடது பெருவிரலை அழுத்தினாள்.

"ஏன் மதினி? நல்லாத்தானே எழுதுற?"

"எழுதக் கத்துக்குடுத்துரலாம் மைமூனு" என்றாள், விரலைக் காகிதத்தில் உருட்டிக்கொண்டே. "இத யாரும் யாருக்கும் கத்துக்குடுக்க முடியாதுல்ல?"